எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா?

“இந்த வருசம் மொத்தமே கழிவு. அவ்ளோதான்” என்று மாதேஷ் அண்ணன் சொன்னபோது கையில் இருந்த டீ சிந்தி விரலில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. சினிமா பேச ஆரம்பித்துவிட்டால் அவருக்குச் சூடு தெரியாது.

கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருஷம் பிறக்காத ஞாயிற்றுக்கிழமை. தக்காளி மண்டிக்குப் பின்பக்கம், டெம்போக்கள் நிற்கிற இடம். ஏலம் காலையிலேயே முடிந்திருந்தது. நசுங்கிய தக்காளியின் புளித்த வாசம் மட்டும் குளிர்காற்றில் நின்றது. தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டு டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு கிரேடு கவிழ்த்தார்கள். நான் உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பைக்குள் பாதி கிழிந்த சினிமா டிக்கெட் ஒன்று இருந்தது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ரீத்தா. இண்டூர் பக்கம். ஒன்பதாவதைப் பாதியில் விட்டவள். தையல் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். சேவியர் என் அண்ணன். டெம்போ டிரைவர். கிட்னி கெட்டுப்போய், மழை பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போனான். அவனைப் பற்றித்தான் வாராவாரம் எழுதுகிறேன். வேறு எதையும் எழுத எனக்கு வரவில்லை.

கழிவு என்றால்

மண்டிக்கு வருகிற தக்காளியை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், கழிவு. டிரைவர்கள் படங்களையும் அப்படித்தான் பிரித்தார்கள்.

வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வருஷம் வந்த படங்களை எல்லாம் இழுத்துப்போட்டுப் பேசுவார்கள். ஏதாவது ஒரு படத்துக்கு அத்தனை கையும் உயர வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் அந்தப் படம் போச்சு. அப்படி ஒரே ஒரு படம் தேறிவிட்டால் அந்த வருஷம் ஒன்றாம் நம்பர். ஒன்றுமே தேறாவிட்டால் வருஷமே கழிவு. அடுத்த டிசம்பர் வரைக்கும் யாராவது அந்த வருஷத்துப் படத்தைப் புகழ்ந்தால், “கழிவு வருசத்துல வந்ததுதானப்பா” என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். நேரில் பார்த்தபோது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. லோடு ஏற்றி இறக்கிக் கை காய்த்துப்போன ஆட்கள், ஒரு பாட்டு எந்த இடத்தில் வந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கண் சிவந்து பேசினார்கள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இத்தனை வருஷமாக என் அண்ணன் போய்வந்த இடம் இதுதானா என்று இருந்தது.

“ஏன்ணா, பொங்கலுக்கு வந்ததுல அந்தச் சண்ட சீனு? விசிலடிச்சு எனக்குத் தொண்டையே போச்சே” என்றார் கோவிந்தன். அந்தக் கூட்டத்தில் வயது குறைந்தவர் அவர்தான்.

“உனுக்குத் தொண்ட போனா அது படத்தோட பெருமையாடா? அடுப்புல பால் பொங்குனாகூட விசிலடிக்கற ஆளு நீ” என்றார் மாதேஷ் அண்ணன்.

“கோடைல வந்த பேய்ப்படம்?” என்றார் இன்னொரு டிரைவர்.

“பேயே பாதியில எந்திரிச்சுப் போயிருச்சு. நான்தான் கடைசி வரைக்கும் குந்தியிருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். முனிராஜ் அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார். சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறவர். பெரியவர் என்பதால் இந்தப் படப் பஞ்சாயத்துக்குத் தலைவரும் அவரே. “ஒவ்வொருத்தரா பேசுங்கடா. தங்கச்சி வந்து நிக்குது” என்றார்.

நான் எதற்கு வந்து நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணன் போட்ட சட்டம்

கடைசி நாட்களில் ஒருநாள் அண்ணன் சொன்னான். “டிசம்பருக்கு நான் போவ முடியலன்னா, நீ சொன்ன அந்த பஸ் படத்துக்கு என் கைய நீ தூக்கிரு பாப்பா.”

“நீயே போய்த் தூக்கு” என்றேன்.

“சரி. போனா தூக்கறேன்” என்றான்.

அதற்குத்தான் போனேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “துக்க வூட்டுக்காரி, ஆம்பளைங்க கூட்டத்துல உனுக்கென்ன வேல?” என்று காலைப் பூசையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் கேட்டாள். என்னால் அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. கடைசி வருஷத்தில் அவனுக்கு இருந்தது ஊசி, ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷின், ஆஸ்பத்திரி வாடை, வீக்கம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் படம். அந்தப் படங்களையும் சேர்த்துக் கழிவு என்று தள்ளிவிட்டால், அந்த வருஷத்தில் அவன் எதைத்தான் பார்த்தான்?

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதையும் அவனே உண்டாக்கி வைத்திருந்தான். தியேட்டரில் டிக்கெட் கிழித்துப் பார்த்தவனுக்குத்தான் கை தூக்க உரிமை. செல்லில் பார்த்தவன், கதை கேட்டவன் எல்லாம் டீ குடிக்கலாம், பேசக் கூடாது. இந்தச் சட்டம் சேவியர் போட்டது. சட்டம் போட்டவனே அந்த வருஷம் ஒரு படத்தைக்கூட தியேட்டரில் பார்க்கவில்லை.

இரண்டரை மணி நேரம் அவனால் உட்கார முடியாது. கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோவிந்தன் ஆசையாக ஒரு புதுப்படத்தைச் செல்லில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“நாலு வாரம் போனா செல்லுலயே நேரா வந்துருமேடா. அப்பயாச்சும் பாரு” என்றார் கோவிந்தன்.

“உள்ளங்கைல வெச்சுப் பாக்கறதுக்கு அது கைரேகையாடா?” என்றான் அண்ணன்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, “ஞாயித்துக்கெழம உனுக்கு லீவுதான? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றான்.

இருட்டுக்குள்ளே

சின்ன வயதில் வீட்டோடு தியேட்டருக்குப் போயிருக்கிறேன். அப்போது பாதிப் படத்தில் அம்மா மடியில் தூங்கிவிடுவேன். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து, சாப்பிட்டு, தர்மபுரி டவுனுக்கு பஸ் ஏறினேன். பகல் காட்சி. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே நுழைந்தால் ஒன்றுமே தெரியவில்லை. சீட்டின் முதுகுகளைத் தொட்டுத் தொட்டு நடந்தேன். பாப்கார்ன் வாசமும் பழைய மெத்தை வாசமும் அடித்தது. யாரோ டார்ச் அடித்து, “அந்தாண்ட போம்மா” என்றார்கள்.

திரையில் ஒரு பெண்ணின் கண் மட்டும் வந்தது. எங்கள் வீட்டு முன்சுவரைவிட அந்தக் கண் பெரிதாக இருந்தது. அதில் தண்ணீர் சேர்ந்து இமையோரம் நின்றது. முன்பின் தெரியாத அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சொட்டு விழுமா விழாதா என்று பார்த்தோம். விழுந்தபோது பக்கத்து சீட்டு அம்மாள், “போச்சு” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் பூசையின்போது சாமியார் அப்பத்தை உயர்த்தும்போதுதான் எனக்கு அப்படி ஆகும். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அண்ணன் படத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா ஏன் பின்னால் கத்திக்கொண்டே இருந்தாள், அவன் ஏன் கேட்காமல் போய்க்கொண்டே இருந்தான் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

“மழை சீன் வந்தா மெதுவா சொல்லு”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்திருப்பான். கால் வீங்கி இருக்கும். கண்ணை மூடிக்கொள்வான். “ம், லைட்ட ஆஃப் பண்ணிட்டாங்க” என்பான். நான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வாரம் கதையை மட்டும் சொன்னேன். அவனுக்குக் கோபம். “அவன் வந்தான், இவன் செத்தான்னு சொல்றதுக்கு நீ எதுக்கு? போஸ்டரப் பாத்தாலே தெரியுமே. எங்கருந்து வந்தான்? வெயிலா நெழலா? சத்தம் என்ன கேட்டுச்சு?”

அடுத்த வாரத்திலிருந்து நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். எல்லோரும் கதாநாயகனைப் பார்க்கும்போது நான் பின்னால் ஓடுகிற நாயைப் பார்த்தேன். சுவரின் நிறம், யாருடைய செருப்பு அறுந்திருந்தது, எந்த இடத்தில் பாட்டு நின்றது, எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் ஒரு சாவுக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில், “இரு. அந்த எடத்துல மியூசிக்கே இருந்திருக்காதே?” என்றான். இல்லைதான். “தூரத்துல எங்கியோ ஒரு மோட்டார் சத்தம் மாதிரி எதாச்சும்?” என்றான். கிணற்று மோட்டார் ஓடியது. கண்ணை மூடிப் படுத்திருக்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது? நான் பார்த்தும் பார்க்காத படத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தண்ணீர் கட்டுப்பாடு. நாள் முழுவதுக்கும் அளந்துதான் தருவோம். உதடு வெடித்திருக்கும். அதனால் மழைக் காட்சி வந்தால் மட்டும், “மெதுவா சொல்லு பாப்பா” என்பான். ஓட்டில் விழுவது, ஓட்டிலிருந்து வழிவது, முற்றத்தில் குழி பறிப்பது, குழி நிரம்பி வழிவது என்று இழுத்து இழுத்துச் சொல்வேன். அவன் தொண்டை ஏறி இறங்கும்.

தவக்காலத்தில் எங்கள் கோயில் திடலில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அண்ணன் ஒரு வருஷம் அதில் சேவகன் வேஷம் கட்டினான். அட்டை ஈட்டி வளைந்துபோய் ஊரே சிரித்தது. ஆனால் சிலுவையைத் தூக்கி நிறுத்துகிற இடம் வந்ததும் சிரித்த அத்தனை பேரும் அழுதார்கள். “முடிவு என்னான்னு எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் பாக்க வெக்குது பாரு. அதான் படம்” என்று அடிக்கடி சொல்வான். அவன் விஷயத்திலும் முடிவு எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மறுபடியும் மண்டி

“பஸ் படம்னு ஒண்ணு வந்துச்சே” என்று முனிராஜ் அண்ணன்தான் எடுத்துக்கொடுத்தார்.

மாதேஷ் அண்ணன் தலையில் கை வைத்தார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். எரிச்சல் வந்தால் அதுதான் முதலில் வரும். “ஏனப்பா இது” என்றார். என்னப்பா இது என்று அர்த்தம். “நான் குடும்பத்தோட போய் மாட்னேன். தெனம் ஒரு பொம்பள காலி சாப்பாட்டுத் தூக்குப்போசிய எடுத்துட்டு பஸ் ஏறுது, எறங்குது. கண்டக்டரு பாக்கறாரு. கடசில ஒருநாளு அது வரல. பஸ் நிக்குது. நாங்களும் குந்தியிருக்கோம். படம் முடிஞ்சுபோச்சு. அந்தக் காலிப் போசிய எதுக்குத்தான் எடுத்துட்டுப் போச்சுன்னுகூட சொல்லல.”

“சேவியருக்குப் புடிச்ச படம்ணா அது” என்றார் கோவிந்தன்.

“சேவியரு தியேட்டர்ல பாத்தானா?”

கோவிந்தன் குனிந்து டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் பையைத் திறந்து அந்தப் படத்தின் பாதி டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். “அவன் கைய என்னத் தூக்கச் சொன்னான்ணா” என்றேன்.

மாதேஷ் அண்ணன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “இது உன் டிக்கெட்டு பாப்பா. உன் கைய நீ தூக்கிக்க. யாரும் வேணாங்கல. அவன் கைய நீ எப்படித் தூக்குவ? அவன் போட்ட சட்டத்த அவன் போனதுக்கப்பறம் நாமளே ஒடைக்கறதா?”

அவர் கெட்டவர் இல்லை. அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அதிகம் ஓடியது அவர் வண்டிதான். ஆனால் சட்டத்தில் அவர் அண்ணனைவிடப் பிடிவாதம். அதோடு, அவர் கை உயராவிட்டால் படமே தேறாது. அண்ணன் கை மட்டும் எண்ணப்பட்டு என்ன ஆகப்போகிறது?

“அப்ப நான் அவனுக்கு எப்படிச் சொன்னனோ, அப்படியே சொல்றேன். ஒரு தடவ கேளுங்க” என்றேன்.

முனிராஜ் அண்ணன் தலையாட்டினார். நான் கிரேடில் உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடிக்கொண்டேன்.

“காலைல வெயிலு. மொத நாளு வந்த அதே வெயிலுதான், ஆனா இன்னிக்கு அந்தம்மா நிக்கற எடத்துல வெறும் நெழலு மட்டும் கெடக்குது. பஸ் வந்து நிக்குது. புழுதி முன்னாடி போய் அடங்குது. கண்டக்டரு வாய்ல விசில் இருக்குது, ஊதல. உள்ள ஒருத்தரு மணியப் பாத்துட்டு எச்சி முழுங்கறாரு. யாரும் போலாம்னு சொல்லல. கதவு கடகடன்னு ஆடிட்டே இருக்குது. டிரைவரு முன்னாடி கட்டுன எலுமிச்சம்பழம் ஆடுது.”

“இரு. வண்டிதான் நிக்குதே, எலுமிச்சம்பழம் எப்படி ஆடும்?” என்றார் மாதேஷ் அண்ணன்.

“எஞ்சின் ஓடுதுண்ணா.”

“ஓடுச்சா?”

“ஓடுச்சு. இதையேதான் அண்ணனும் கேட்டான். எஞ்சின் ஓடிட்டிருந்துச்சா, ஆஃப் பண்ணிட்டானான்னு. ஓடிட்டிருந்துச்சுன்னேன். அப்பறம், ஆஃப் பண்ணியிருந்தா அந்தம்மா வராதுன்னு டிரைவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், ஓட விட்டிருக்கான்னா இன்னும் காத்திட்டிருக்கான்னு சொன்னான். டீசல் எரியறது தெரிஞ்சே காத்திட்டிருக்கான், அதுதான் படம்னு சொன்னான்.”

கண்ணைத் திறந்தேன். மெயின் ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர்கள் எல்லோரும் நாள் முழுக்க சாவியைத் திருகுகிறவர்கள். எப்போது ஆஃப் செய்வோம், எப்போது செய்ய மாட்டோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதிலும் மாதேஷ் அண்ணனுக்கு. டீசல் விஷயத்தில் அவர் பெயர் பெற்றவர். ரயில்வே கேட்டில் ஆஃப், டீ சொன்னால் ஆஃப், யாராவது வழி கேட்டால்கூட ஆஃப். தொப்பூர் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுகிற ஆள். ஒரு தடவை அண்ணன் அதற்காகச் சண்டை போட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, லாரிகளுக்கு ஓரமாக நடந்தே இறக்கத்தை இறங்கினானாம். கீழே டீக்கடையில் இருவரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டார்களாம்.

மாதேஷ் அண்ணன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் பாத்த படம் ரெண்டாம் நம்பர்தான். அதுல நான் மாற மாட்டேன்” என்றார். “ஆனா இந்தப் பொண்ணு இப்பச் சொல்லுச்சே, அந்தப் படம் எந்தத் தியேட்டர்ல ஓடுச்சு?”

“எங்க வூட்லதான்ணா” என்றேன்.

“சேவியரு எந்தப் படத்தப் பாத்தான்?”

“அதத்தான்ணா பாத்தான்.”

“கடசி வரைக்கும் பாத்தானா? பாதில தூங்கலையே?”

“இல்லண்ணா. முடிஞ்சப்பறமும் கொஞ்ச நேரம் லைட்டப் போட வேணாம்னு சொன்னான்.”

மாதேஷ் அண்ணன் டிக்கெட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு முனிராஜ் அண்ணனைப் பார்த்து, “அவன் ஓட்டு செல்லும்ணா. இந்தப் பொண்ணு சொன்ன படத்துக்கு என் கையும் உண்டு” என்றார். தன் கையைத் தூக்கினார். கோவிந்தன் தூக்கினார். சுற்றிலும் ஒவ்வொன்றாகக் கைகள் ஏறின. முனிராஜ் அண்ணன் கடைசியாகத் தூக்கிவிட்டு, “தங்கச்சி, உன்து எங்க?” என்றார்.

நான் ஒரு கையைத் தூக்கினேன். அப்புறம் இன்னொன்றையும் தூக்கினேன். ஜெபத்தில் கை விரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. தக்காளிச் சாறு காய்ந்த அத்தனை கைகளுக்கு நடுவே, இரண்டு கையையும் தூக்கியபடி, இறக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசல்

“ஏறு பாப்பா, நான் அந்த வழியாத்தான் போறேன்” என்றார் மாதேஷ் அண்ணன். அவர் வீடு எதிர்ப்பக்கம். நான் ஏறிக்கொண்டேன். பாதி வழியில், “எலுமிச்சம்பழத்த நான் பாக்கவே இல்ல” என்றார்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. எங்கள் வீட்டில் இந்த வருஷம் கட்டவில்லை. வாசலில் இறங்கினேன். அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள்.

“ஒண்ணாம் நம்பரும்மா” என்றேன்.

அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன்.

வண்டி போகவில்லை. மாதேஷ் அண்ணன் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, அண்ணனின் கட்டில் கிடந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெம்போ மொத்தமும் லேசாக அதிர்ந்தது. பின்கதவுச் சங்கிலி கலகலவென்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டே இருந்தது.

“யாருக்காவ நிக்கறாரு?” என்றாள் அம்மா.

“நிக்கட்டும்மா” என்றேன்.